லைக் குவிகிறது, ஆர்டர் வரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கைவேலை, மாடித்தோட்டம், கோலம், சமையல் என்று ஆசையாகச் செய்துவருவதைச் சமூக ஊடகம் வழியாக வருமானமாக்குவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) கற்று இரண்டு வருடமாக ஜாக்கெட்டுக்குப் போட்டுத் தருகிறேன். இன்ஸ்டாகிராமில் 2,300 பேர் பின்தொடர்கிறார்கள். ரீல்ஸ் போட்டால் லைக் குவிகிறது, ‘சூப்பர் அக்கா’ என்று கமென்ட் வருகிறது. ஆனால் மாதத்துக்கு ஒரு ஆர்டர் வந்தாலே பெரிது. எங்கே தவறு?
— வாசகி, ராஜபாளையம்

‘சூப்பர் அக்கா’ என்று எழுதுகிறவர்களின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அவர்களும் ஆரி போடுகிறவர்களாகவே இருப்பார்கள். டிசைன் பார்க்க வருகிறார்கள், ஜாக்கெட் கொடுக்க வரவில்லை. ஊசி ஏறி இறங்குவதையும் முடிந்த கழுத்து வேலையையும் மட்டும் காட்டினால் அதை ரசிப்பது சக கலைஞர்கள்தான். அவர்கள் ரசிக்க ரசிக்க, இன்ஸ்டாகிராமும் அதே மாதிரி ஆட்களுக்கே உங்கள் பதிவைக் கொண்டுபோய்க் காட்டும்.

கல்யாணத்துக்கு ஜாக்கெட் தேடும் பெண்ணின் மனதில் ஓடுவது வேறு. என் புடவைக்கு இது எடுக்குமா? எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்? அளவு சரியாக வருமா? துணியை எப்படி அனுப்புவது? இந்த ஐந்துக்கும் உங்கள் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று பதிவு என்றால் ஒன்று மட்டும் வேலை நடக்கும் காட்சியாக இருக்கட்டும். இன்னொன்றில், வந்திருக்கும் புடவையை விரித்து அதன்மேல் நாலைந்து நூல்கண்டுகளை வைத்து எந்த நிறத்தை ஏன் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மூன்றாவதில் விலை: ‘இரண்டு கைக்கும், 3 அங்குல அகலம், 6 நாள், இத்தனை ரூபாய்’. விலையைப் போட்டால் பக்கத்துத் தெருக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம் இந்தத் தொழிலில் பலருக்கு உண்டு. பார்க்கட்டும். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பதைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துபோகிற ஆட்களை இழப்பதுதான் பெரிய நஷ்டம்.

பக்கத்தின் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயரை மட்டும் போட்டிருந்தால், ‘ஆரி ஒர்க், ராஜபாளையம்’ என்பதையும் சேருங்கள். தேடுகிறவர் அந்த வார்த்தையைத்தான் தட்டுவார். பக்கத்தின் மேலே எப்போதும் முதலில் தெரியும்படி மூன்று பதிவுகளைக் குத்திவைக்க இடம் உண்டு. ஒன்றில் விலைப்பட்டியல், ஒன்றில் துணி அனுப்பும் முறை, ஒன்றில் வாடிக்கையாளர் உடுத்தி அனுப்பிய படம் (கேட்டுவிட்டுப் போடுங்கள்) என்று வையுங்கள். தொழில் கணக்காக மாற்றினால் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காமல் போகும். கவலை வேண்டாம், பாட்டுக்குப் பதில் உங்கள் குரலில் பேசுங்கள். ஜாக்கெட்டைத் தருகிறவர் ஆளை நம்பித்தான் தருகிறார். குரல் கேட்டால் நம்பிக்கை சீக்கிரம் வரும்.

விலை எப்படிப் போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறோம், ஆர்டர் வந்த பிறகும் பலர் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். நடுத்தரமான ஒரு கழுத்தும் கையும் போட 22 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள், நினைவில் போட்டால் 15 மணி நேரம் என்றுதான் வரும். மணிக்கு 75 ரூபாய் என்றால் கூலி 1,650. பட்டு நூல், ஜரி, மணி, கல் எல்லாம் 420. உடைந்த ஊசி, சிந்திய மணி, டிரேசிங் தாள் 60. டிசைன் காட்டி, பேசி, நிறம் முடிவுசெய்யப் போன் பிடித்த இரண்டு மணி நேரம் 150. பேக்கிங், கூரியர் 130. ஆக 2,410. இது அடக்கம்தான். தப்பிப்போன வேலையைப் பிரித்துத் திரும்பப் போட, சும்மா இருக்கும் ஆடி, மார்கழியைத் தாண்ட, இதன்மேல் 15 சதவீதமாவது வேண்டும். அப்போது 2,770 வரும். தையல் கூலி தனி. போன் பேசிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் ‘எவ்வளவு போட்டாலும் கையில் நிற்கவில்லை’ என்கிறார்கள்.

பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் மரச்சட்டத்தில் துணியைக் கட்டாதீர்கள். வெளியூர் ஆர்டரில் தகராறு வரும் இடங்கள் மூன்று. முதலாவது நிறம்: போனில் தெரியும் மெரூன் வேறு, துணியின் மெரூன் வேறு. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நூலையும் துணியையும் சேர்த்துப் படமெடுத்து, ‘சரி’ என்று அவர் எழுதிய பிறகே தொடங்குங்கள். இரண்டாவது அளவு: எழுதி அனுப்பிய எண்களை நம்ப வேண்டாம், நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது, தையல்காரர் உடைக்கும் கல்: தையல் விழும் கோட்டிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளியே கல்லும் மணியும் நிற்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் ஊசி கல்லில் பட்டு இரண்டும் போகும், பழி உங்களுக்கு வரும்.

ஆரி வகுப்பை ஆன்லைனில் எடுக்கலாமா? நேரில் 12 பேருக்குச் சொல்லித்தருகிறேன். ஆன்லைனில் ஒருமுறை எடுத்தேன், பாதியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.
— வாசகி, ஈரோடு

நின்றதற்குக் காரணம் கேமராவாக இருக்கலாம். ஆரியில் ஊசி மேலே, நூல் துணிக்கு அடியில். அடியில் இருக்கும் கை நூலை ஊசியின் கொக்கியில் எப்படி மாட்டுகிறது, எவ்வளவு இறுக்கம் கொடுக்கிறது என்பதுதான் வித்தை. மேலிருந்து மட்டும் படம் காட்டினால் கற்கிறவருக்கு ஊசி தெரியும், வித்தை தெரியாது. நூல் வழுக்கும், சங்கிலித் தையல் விட்டுவிட்டு வரும், ‘எனக்கு வராது’ என்று ஓடிவிடுவார். பழைய போன் ஒன்றை மரச்சட்டத்துக்கு அடியில், கையை நோக்கி வைத்து அதையும் வகுப்பில் இணையுங்கள். இரண்டு போனிலும் ஒலி திறந்திருந்தால் எதிரொலிக்கும், கீழே இருப்பதை மியூட் செய்யுங்கள்.

12 பேர் அதிகம். ஒவ்வொருவரும் போட்டதைக் கேமராவில் காட்டி நீங்கள் திருத்த வேண்டும், ஆன்லைனில் 8 பேருக்கு மேல் முடியாது. கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருக்கும் கூட்டம் 60 நிமிடத்தில் முடியும், ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம். ஒரு வகுப்பை 50 நிமிடமாக வைத்து மீட்டிலேயே நடத்தலாம். பொருளை அவர்களையே வாங்கச் சொல்லாதீர்கள். ஒருவர் தடித்த ஊசி வாங்குவார், இன்னொருவர் நழுவும் துணியை வாங்குவார், முதல் வகுப்பு அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். ஊசி இரண்டு, நூல், மணி, துணி, அச்சிட்ட டிசைன் தாள் எல்லாம் ஒரே பெட்டியாக நீங்களே அனுப்பி, கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். பெட்டி கைக்கு வந்தபிறகு தேதி வையுங்கள்.

மாடித்தோட்டச் சேனல் வைத்திருக்கிறேன். 1,400 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் யூடியூப் பணம் தர மறுக்கிறது. ஒரு ஷார்ட்ஸ் (குறுங்காணொளி) மட்டும் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்! விதை விற்கவும் யோசனை இருக்கிறது.
— வாசகர், தாம்பரம்

மறுக்கவில்லை ஐயா, கணக்கு இன்னும் நிறையவில்லை. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களோடு இரண்டில் ஒன்று வேண்டும்: கடந்த 12 மாதத்தில் நீளக் காணொளிகளை மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது கடந்த 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடிப் பார்வைகளைத் தொட வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் மக்கள் பார்க்கும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. உங்கள் இரண்டு லட்சம் எங்கே போனது என்றால் அங்கேதான். 500 சந்தாதாரர், 90 நாளில் மூன்று காணொளி, 3,000 மணி நேரம் என்று ஒரு முதல் படியும் உண்டு. ஆனால் அதில் பார்வையாளர் தரும் சூப்பர் தேங்க்ஸ், உறுப்பினர் கட்டணம் போன்றவைதான் கிடைக்கும், விளம்பரப் பணம் கிடையாது.

4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் வேண்டும். வருடம் முழுவதும் பரவினால் மாதத்துக்கு 5,000. தோட்டக்கலைக்கு இது எட்டாத உயரம் இல்லை, ஏனென்றால் தோட்டக்காரர்களின் கேள்வி வருடாவருடம் திரும்பி வரும். ‘எங்கள் வீட்டுத் தோட்டம், பாகம் 14’ என்ற தலைப்பை யாரும் தேடமாட்டார்கள். ‘கத்தரிப் பூ உதிர்வது ஏன்?’, ‘செம்பருத்தியில் மாவுப்பூச்சி’ என்று தேடுவார்கள். தலைப்பு அந்த வார்த்தையில் இருக்கட்டும், பதில் முதல் அரை நிமிடத்தில் வரட்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்புத் திரவம், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படத் தெளிப்பது என்று அளவோடு சொல்லுங்கள். விடையை முதலில் சொல்லிவிட்டால் போய்விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், எப்படித் தெளிப்பது என்று பார்க்க நிற்பார்கள். 8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக ஐந்து நிமிட விஷயத்தை இழுக்காதீர்கள். சேனலின் கணக்கைக் காட்டும் யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் வரைபடம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே தெரியும், நாம் அலுக்க வைத்த இடம்.

பருவத்தையும் பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர்கள் பை, மண், விதை என்று தேடுவது ஆனியிலேயே. ஆடி 18-க்குப் போடும் காணொளி அந்த வருடத்துக்குத் தாமதம்தான், அடுத்த வருடம் ஓடும். பழைய காணொளி சரியில்லை என்று அழித்துவிட்டால் அதன் மணி நேரமும் கணக்கிலிருந்து போய்விடும், தலைப்பையும் முகப்புப் படத்தையும் மட்டும் மாற்றுங்கள்.

பணம் வரும் பாதையிலும் சில முட்கள் உண்டு. நீளக் காணொளி விளம்பரத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. விளம்பரப் பணம் சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். பழைய எண், புதிய எண் குழப்பமுள்ள தெருவில் இது தபால்காரரோடு போய்விடும், இரண்டு எண்ணையும் எழுதி, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 4 மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஒரே ஆள் இரண்டு ஆட்சென்ஸ் கணக்கு திறக்கக்கூடாது, முன்னொரு காலத்தில் திறந்து மறந்தது இருந்தால் அதை முதலில் மூடுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்கு வரும், அதுவும் அடுத்த மாதம் 21 முதல் 26-க்குள். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பத் தவறாதீர்கள். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் உலகம் முழுதும் வந்த மொத்தத்திலும் 24 சதவீதம் வரை போகும். வங்கிக் கிளைக்கு ஸ்விஃப்ட் எண் (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான அடையாள எண்) இல்லையென்றால், அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளை எண்ணை மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

விதை விற்கும் யோசனை நல்லதுதான், ஆனால் 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். யூடியூபில் பலர் உரிமம் இல்லாமல் பொட்டலம் போட்டு அனுப்புகிறார்கள் என்பது நமக்கு அனுமதி ஆகாது. மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். அதுவரை தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் அளவாகக் கலந்து, பையோடு ‘ஐந்து பைக்குத் தேவையான கலவை’ என்று உள்ளூரில் கொடுக்கலாம். நாற்றைச் சித்திரை, வைகாசியில் கூரியரில் அனுப்பினால் வெந்துதான் போய்ச்சேரும். அமேசான் இணைப்பு கொடுத்துக் கமிஷன் வாங்குவதென்றால், புதிய கணக்கில் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். கமிஷன் இணைப்பு என்று கீழே எழுதியும் வையுங்கள்.

முதலில் எதை வாங்குவது? நல்ல கேமராவா, விளக்கா?
— வாசகர், திருப்பூர்

மைக். 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் கம்பி வைத்த காலர் மைக் போதும். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் ஓயும்வரை காத்திருங்கள். இரண்டாவது, போனை மேலிருந்து பிடிக்கும் ஒரு ஸ்டாண்ட். விளக்குக்குக் காலை எட்டிலிருந்து பத்துவரை ஜன்னல் இருக்கிறது. கேமரா பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம், இப்போதைக்குப் போன் லென்ஸை வேட்டி நுனியில் துடைத்தால் போதும்.

ஃபாலோயர்ஸை விலைக்கு வாங்கலாமா? 10,000 பேர் சில நூறு ரூபாய்க்குத் தருகிறார்களாம்.
— வாசகர், கடலூர்

வேண்டாம் தம்பி. அந்தப் பத்தாயிரமும் உயிரில்லாத கணக்குகள். புதிதாக நீங்கள் போடும் பதிவைப் பின்தொடர்பவர்களே பார்க்கவில்லை என்றால் இன்ஸ்டாகிராம் வேறு யாருக்குக் காட்டும்?

கோலம் போடும் என் வீடியோக்களை அப்படியே எடுத்து வேறொரு சேனலில் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்குகிறார்கள். என்ன செய்யலாம்? கோலத்தில் பார்வையைத் தவிர வேறு வருமானம் உண்டா?
— வாசகி, கும்பகோணம்

15 புள்ளி 8 வரை இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அது பாட்டி சொத்து. அதே கோலத்தை அவர் தன் வாசலில் போட்டுப் படமெடுத்தால் நாம் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எடுத்த காட்சி உங்கள் காப்புரிமை. யூடியூப் ஸ்டூடியோவில் காப்புரிமைப் பகுதியில் நீக்கக் கோரும் படிவம் இருக்கிறது. உங்கள் காணொளி முகவரி, அவருடையது, எந்த நிமிடத்திலிருந்து எடுத்தார் என்பதை எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் அவர் காணொளி போகும், அவர் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் (எச்சரிக்கைப் புள்ளி) விழும். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும் என்பதால் இது கூர்மையான ஆயுதம், பொய்யாகப் போட்டால் நம் மேலேயே திரும்பும். இனி எடுக்கும்போது உங்கள் கையும் வளையலும் வாசற்படியும் தெரிகிற மாதிரி எடுங்கள். மூலையில் ஒட்டும் பெயரை வெட்டிவிடுவார்கள், கோலத்தின் நடுவே போகும் கையை வெட்ட முடியாது.

வருமானம் மார்கழியில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் மாதம் பிறக்கும், கார்த்திகைக் கடைசியிலிருந்தே தேடுவார்கள். 30 நாளுக்கு 30 கோலம், ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கு, நேர்ப் புள்ளியா இடுக்கா, முதலில் எந்தக் கோடு, பிறகு எது என்று நான்கு படியாக வரைந்து, அச்செடுக்கத் தோதான கோப்பாகச் செய்து 49 அல்லது 99 ரூபாய்க்குக் கொடுக்கலாம். முடிந்த கோலம் மட்டும் இருந்தால் இலவசமாகவே ஆயிரம் கிடைக்கும், படிப்படியாக இருப்பதற்குத்தான் பணம் தருவார்கள். சிக்குக் கோலத்தில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அம்புக்குறி போட்டுக்கொடுத்தால், சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைக்கும் பெற்றோரும் வாங்குவார்கள்.

ஒரு ஜவுளி நிறுவனம் என் பக்கத்துக்கு வந்து, புடவை தருகிறோம், மூன்று ரீல்ஸ் போடுங்கள் என்கிறது. பணம் இல்லை. ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, சேலம்

புடவையின் விலையைப் பாருங்கள், மூன்று ரீல்ஸுக்கு ஆகும் மணி நேரத்தைப் பாருங்கள். 1,800 ரூபாய்ப் புடவைக்கு 12 மணி நேரம் என்றால் மணிக்கு 150. முதல் ஒன்றிரண்டு முறைக்கு, காட்டுவதற்கு ஒரு மாதிரி வேண்டும் என்று செய்யலாம். அதற்கும் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை. எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்? இரண்டுக்கு மேல் வேண்டாம். உங்கள் காணொளியை அவர்கள் காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டலாமா, எத்தனை நாள்? இதற்குத் தனிக் கட்டணம். வேறு புடவைக் கடைக்கு எத்தனை நாள் செய்யக்கூடாது என்கிறார்கள்? மூன்று மாதம் என்று எழுதியிருந்தால், தீபாவளி அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இலவசமாக வந்தாலும் அது விளம்பரம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுமுறை 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதை விளம்பரப்படுத்தியவரும் இதில் வருவார். ‘விளம்பரம்’ என்ற சொல்லைக் காணொளியின் மேலேயே, படிக்கிற அளவில் போடுங்கள். முப்பது ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்தால் செல்லாது. ஒரே நிறுவனம் ஒரு வருடத்தில் தரும் பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ். (தருகிறவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். உங்கள் வருமானக் கணக்கிலும் அதைக் காட்ட வேண்டும். படம் எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இந்தக் கணக்கு வராது.

டெரகோட்டா நகை விற்கிறேன். ‘ராணுவ முகாமுக்கு 60 செட் வேண்டும்’ என்று ஒருவர், பணம் அனுப்ப க்யூஆர் கோட் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா?
— வாசகி, விழுப்புரம்

நம்பாதீர்கள். பணம் வாங்க நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண்ணும் போட வேண்டியதில்லை. ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும், அவ்வளவுதான். ராணுவச் சீருடைப் படமும் அடையாள அட்டையும் காட்டிப் பேரம் பேசாமல் மொத்த ஆர்டர் தருவது பழைய தந்திரம். பேரம் பேசாத மொத்த வியாபாரி உண்டா என்று அங்கேயே யோசித்திருக்கலாம்!

இன்னொன்று, பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட். அதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியை ஒட்டுங்கள். ‘உங்கள் பக்கத்தின் மேல் காப்புரிமைப் புகார், 24 மணி நேரத்தில் இந்த இணைப்பில் உள்ளே வாருங்கள்’ என்று இன்பாக்ஸில் வருவதும் பொய். கடவுச்சொல்லைக் கொடுத்த அடுத்த நொடி பக்கம் கைமாறிவிடும். இரண்டடுக்குப் பாதுகாப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டு எண்ணும் கேட்பது) இன்றைக்கே போடுங்கள், அதற்கான மாற்றுக் குறியீட்டு எண்களை நோட்டில் எழுதிவையுங்கள், போனுக்குள்ளேயே படமாக வைத்தால் போன் போனால் அதுவும் போகும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கப் பார்ப்பார்கள்.

சாம்பார் பொடி, இட்லிப் பொடி செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்கிறேன். மதுரையில் 40 வீடு வாடிக்கை. ஃபேஸ்புக்கில் பார்த்து பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
— வாசகி, மதுரை

முதலில் மதுரையைச் சரிசெய்வோம். வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அதற்கான ஃபோஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் அடையாள அட்டை, புகைப்படம், முகவரிச் சான்றோடு விண்ணப்பிக்கலாம், கட்டணம் சிறியதுதான். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கூடவே பொருளின் பெயர், சேர்மானம் (அதிகமாக இருப்பது முதலில்), நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி (பேட்ச்) எண், முகவரி, புகாருக்கு ஒரு எண், பச்சைச் சைவக் குறி. எடைபோட்டுப் பாக்கெட் அடைப்பதால் எடையளவுத் துறையிலும் பொதிவோர் (பேக்கர்) பதிவு வேண்டும்.

பொடி கெடுவதற்கு முக்கியக் காரணம் அவசரம். மெஷினிலிருந்து வரும் பொடி கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே கட்டினால் ஆவி உள்ளேயே நீராகி, பத்து நாளில் கட்டிதட்டும், பிறகு பூஞ்சை. வெள்ளைத் துணியில் பரப்பி முழுக்க ஆறவிட்டுச் சலித்துக் கட்டுங்கள். மெஷினில் உங்களுக்கு முன்னால் யார் எதை அரைத்தார்கள் என்று கேளுங்கள். முதலில் விழும் ஒரு பிடியைத் தனியே எடுத்துவிட்டால் கேழ்வரகு மாவு சாம்பார் பொடியில் வராது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாக்கெட்டை எடுத்துத் தேதி தீரும்வரை வீட்டில் வையுங்கள். யாராவது ‘வண்டு இருந்தது’ என்றால் திறந்து பார்க்க உங்களிடமும் ஒன்று இருக்கும். 40 வீட்டுக்கும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவது) போடுவதானால், உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போகும், முதல் பாக்கெட்டோடு அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி பெங்களூர். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்றால் இந்த வரம்பு கிடையாது, முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். பலருக்கு இது தெரியாது. பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு, சாம்பார் பொடி அதில் வராது. ஆரி போடும் ராஜபாளையம் வாசகிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் அனுப்பும் துணியில் வேலை செய்து தருவது சேவை, அதற்கு வெளிமாநிலமானாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். பதிவு எடுத்தால் மாதாமாதமோ காலாண்டுக்கோ கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், விற்பனை இல்லாத மாதத்துக்கும். பெங்களூரிலிருந்து மாதம் எத்தனை கிலோ உறுதியாகப் போகும் என்று கேட்டவர்களிடமே எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்கள். கணக்காளர் கட்டணத்துக்கே அது போதாது என்றால், ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதுவரை திருச்சி, கோவை, சென்னைக்கு அனுப்ப எந்தத் தடையும் இல்லை. பாக்கெட்டில் காற்றை வெளியேற்றி இரண்டு வரி சீல் போட்டு, அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள், மெல்லிய கவரில் போனால் வழியிலேயே வெடித்துவிடும்.